வெற்றிலைக்குத் தட்டு, பீடிக்குத் திட்டு

கண்டிப் பகுதியில் வெற்றிலைக்கு உள்ள மரியாதை தனி. சித்திரைப் புத்தாண்டில் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைகள் பெரியவர்களிடம் வெற்றிலை நீட்டி விழுந்து வணங்குகிறார்கள். தோட்டத்துத் தமிழ் வீடுகளில் பரிசம் போடப் போகிறவர்கள் வெற்றிலைத் தட்டோடுதான் படியேறுகிறார்கள். அந்த வெற்றிலையோடு பாக்கும் பொயிலைத் துண்டும் பாட்டியின் கன்னத்தில் நாள் முழுதும் ஊறினாலும் அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. பேத்தி அதே புகையிலையைச் சிகரெட்டாகப் பற்றவைத்தால் அந்த வீட்டில் பெண்ணெடுக்க எவரும் வரமாட்டார்கள். தொற்றா நோய்களின் காரணிகளை அறிய 2015இல் நாடு முழுவதும் நடந்த ஆய்வில், புகையிலை பாவிக்கும் பெண்கள் 5.3 வீதம், புகைப்பவர்களோ ஆயிரத்தில் ஒருவர்தான். அதாவது நம் பெண்களின் உடலுக்குள் போகும் புகையிலை அநேகமாக முழுவதும் வாயில் மெல்லப்படுவது. பாக்கு, புகையிலை சேராமலேயே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய்தான் முன்னிற்கிறது. கெடுதியை அளந்துதான் வெறுக்கிறோம் என்றால் மெல்லுபவருக்கும் புகைப்பவருக்கும் ஒரே பார்வை கிடைத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. நம் வெறுப்பு நோயைப் பார்த்து வருவதில்லை, ஆளைப் பார்த்து வருகிறது என்பதே என் முடிவு.

ஆண்களிலும் இதே கதைதான். அந்த 2015 ஆய்வின்படி ஆண்களில் 29.4 வீதமானோர் புகைக்கிறார்கள். அலுவலக வாசலில் சிகரெட் பிடிப்பவரைப் பற்றி, வேலைப்பளு அதிகம் என்று பரிந்து பேசுவார்கள். மூட்டை தூக்கிவிட்டு மார்க்கெட் ஓரத்தில் பிளேன்டீயோடு பீடி பற்றவைப்பவர் ‘பீடிக்காரன்’ ஆகிவிடுகிறார். உடல் எடையிலும் அப்படியே. முதலாளியின் தொந்தி வசதியின் அடையாளம். அவர் மகளின் பருமன் கலியாணச் சந்தையில் குறை. குண்டு, பூசணிக்காய் என்ற பட்டப்பெயர்கள் பாடசாலையில் தொடங்கி, வேலைக்கான நேர்முகத் தேர்வு வரையிலும் கூடவே வருகின்றன. உடற்திணிவுச் சுட்டெண் 25ஐத் தாண்டியவர்கள் பெண்களில் 34.3 வீதமாகவும் ஆண்களில் 24.4 வீதமாகவும் அதே ஆய்வில் பதிவாயினர். மூன்று பெண்களில் ஒருவரைப் பற்றிய விஷயம் இது. இனம், மதம், மொழி, சாதி, பால் முதலியவற்றால் பாரபட்சம் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. உடலின் பருமன் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976இலேயே எடையையும் உயரத்தையும் தன் குடியியல் உரிமைச் சட்டத்தில் சேர்த்துவிட்டது.

இந்த வெறுப்புக்கு அடியில் இருப்பது ஒரு நம்பிக்கை: மனம் வைத்தால் விடலாம், மனம் வைத்தால் மெலியலாம். உண்மை அவ்வளவு இலகுவானதல்ல. நிக்கொட்டின் மூளையைப் பழக்கி அடிமையாக்கும் பொருள். துணையில்லாமல் தானாக நிறுத்த முயல்பவர்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோ தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். உடல் எடை மனிதருக்கு மனிதர் வேறுபடுவதில் 40 முதல் 70 வீதம் வரை பரம்பரையின் பங்கு என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலையகத்துக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. வயதுக்கேற்ற உயரம் இல்லாத, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 2016ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டில் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். பிறக்கும்போது எடை குறைந்த குழந்தைகள் பிற்காலத்தில் இதய நோய்க்கு அதிகம் ஆளாகிறார்கள் என்று டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1989இல் எழுதினார். பசித்த கருவில் வளர்ந்த உடல், பின்னாளில் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்போது வயிற்றில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இயல்புடையது என்பதை அதன் பின் வந்த தெற்காசிய ஆய்வுகளும் காட்டின. லயத்தில் பிறந்து, கண்டியில் ஒரு கடைக் கல்லாவில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நாற்பது வயதுக்காரரின் தொந்திக்கு அவர் தின்ற ரோல்ஸ் மட்டுமா காரணம்? அவருடைய தாய் சாப்பிடாமல் போனதும் அதில் இருக்கிறது. இதை அறிந்த பிறகும் அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சரி, திட்டினாலாவது திருந்துவார்களா? அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 6,000க்கும் மேற்பட்டோரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2013இல் வெளியானது. எடையைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதாக உணர்ந்தவர்கள் பின்னர் பருமனாகும் வாய்ப்பு, மற்றவர்களுக்கு இருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. தொடக்கத்தில் இருந்த எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் இதுதான் முடிவு. கேலி செய்யப்பட்டவர் நடக்கப் போவதற்கே கூசுகிறார், தனியாக உட்கார்ந்து அதிகம் சாப்பிடுகிறார். கண்டி வாவியைச் சுற்றி நடப்பது நல்ல பயிற்சிதான். ஆனால் பருத்த உடலோடு அங்கே போக எத்தனை பேரின் பார்வையைத் தாங்க வேண்டும்? புகைப்பவர்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. நுரையீரல் புற்றுநோயாளர்களிடம் பேசி 2004இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகை வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் புகைக்காதவர்கள்கூட ‘தானாகத் தேடிக்கொண்ட நோய்’ என்ற பார்வைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். சிலர் நோயையே மறைத்தார்கள். வைத்தியரிடம் பீடிக் கணக்கைக் குறைத்துச் சொன்னால் நோயாளிக்கே நட்டம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. புகைத்தல் குறைந்ததே அது வெட்கக்கேடானது என்று ஆனதால்தான், இப்போது அனுதாபம் பேசினால் ஈட்டியதெல்லாம் வீணாகும் என்பார்கள். அந்த வரலாற்றைக் கவனித்துப் படிக்க வேண்டும். நம் நாட்டின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது, விளம்பரத்தை நிறுத்தியது, 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைக் குற்றமாக்கியது. 2015இல் பெட்டியின் 80 வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. 2016இல் வரி ஏறியது, விற்பனை இறங்கியது. இவற்றில் எதுவும் எந்த மனிதரையும் பட்டப்பெயர் சொல்லி அழைக்கவில்லை. பஸ்ஸில் புகைக்காதே என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு, ஏனென்றால் அந்தப் புகை பக்கத்திலிருக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது. பருமனான ஒருவர் பக்கத்து இருக்கையில் இருப்பதால் யாருக்கும் நோய் வராது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. ஆனால் புகையை விலக்கும் உரிமை, புகைப்பவரை இழிவுபடுத்தும் உரிமை ஆகிவிடாது.

இலவச வைத்தியம் நம் வரிப்பணம், தானாக நோயைத் தேடிக்கொண்டவருக்கு அதை ஏன் செலவழிக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். சிகரெட் வரியாக அரசுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் போகிறது, அதைக் கட்டுபவர் புகைப்பவர்தான். அதைவிடப் பெரிய விடை இது: வேகமாக மோட்டார் சைக்கிள் ஓடிக் காலை முறித்துக்கொண்டவரிடம் கண்டி வைத்தியசாலை குற்றம் விசாரித்துவிட்டுக் கட்டுப் போடுவதில்லை. அந்த நெறியைப் பீடிக்காரரிடம் மட்டும் மாற்றக் காரணமில்லை.

வேறு வழி இங்கேயே செய்துகாட்டப்பட்டிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மத்திய இலங்கையின் கிராமங்களில் அடிமட்டச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரே வருடத்தில் ஏறத்தாழ 28,000 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் வாய்ப்புற்றுநோய்க்கான ஆரம்ப மாற்றங்கள் தெரிந்தன. ஊருக்குத் தெரிந்த பணியாளர் கேட்டதும் மக்கள் வாயைத் திறந்து காட்டினார்கள். இன்று 35 வயதைக் கடந்தவர்களுக்கென அரசு வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன. எடை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே வரும் ஆண்கள் பெண்களைவிட மிகக் குறைவு. வேலை நேரம் ஒரு காரணம். திட்டு வாங்கப் போகிறோமா என்ற கூச்சம் இன்னொன்று என்றே நினைக்கிறேன். உங்கள் வீட்டிலோ லயத்திலோ அப்படித் தயங்கும் ஒருவர் இருந்தால், இந்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் அறிவுரை எதுவும் சொல்லாதீர்கள்.