குளிர் வந்தால் குழிக்குள் மீன்: டெக்சாஸில் தூண்டிலுக்குத் தடை ஏன்?

அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்களைக் கேட்டால், பெரிய மீன் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் வாருங்கள் என்பார்கள். ஆனால், அந்த மாதங்களிலேயே குளிர் கடுமையாகி, மீன்கள் ஒரே இடத்தில் அடைந்து கிடக்கும் நேரம் பார்த்து, மாநில வனவிலங்குத் துறை சில இடங்களில் மீன்பிடிக்கத் தடை போட்டுவிடுகிறது. ‘மீன் இருக்கிற நேரத்துல பிடிக்கக் கூடாதுன்னா எப்படி?’ என்று தோன்றலாம்.

இங்கே தேடப்படும் மீன்கள் இரண்டு. ரெட்ஃபிஷ் செம்பு நிறம். வாலடியில் கறுப்புப் பொட்டு இருக்கும். மற்றது உடம்பெல்லாம் புள்ளி போட்ட சீட்ரவுட். பெயரைப் பார்த்து நீலகிரி ஓடைகளில் உள்ள ட்ரவுட்டின் உறவு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டுமே நம்மூர் மீன் சந்தையில் கிடைக்கும் கத்தாழையின் குடும்பம்.

மெதுவாக, இன்னும் மெதுவாக

மீனின் உடல் வெப்பம் தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும். துரத்திப் பிடிக்கத் தெம்பு இருக்காது. அதனால் பெரிய சீட்ரவுட், பத்து இறால்களை விரட்டுவதைவிட ஒரே ஒரு மடவையை விழுங்கிவிட்டுச் சும்மா கிடக்கவே விரும்பும். மூழ்கவும் செய்யாமல் மிதக்கவும் செய்யாமல் நடுநீரில் தொங்கும் போலி இரைகளைக் குளிர்காலத்தில் பயன்படுத்துவது இதற்காகத்தான். சற்றே இழுத்து, நிறுத்தி, காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இது சரிப்படாது.

விடியற்காலையில் எழுந்து ஓடவும் தேவையில்லை. கருஞ்சேறு வெயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; பிற்பகலில் அதன்மேல் உள்ள ஆழமற்ற தண்ணீர் சற்றுச் சூடேறும். மடவைகள் அங்கே வரும், பின்னாலேயே ரெட்ஃபிஷும் வரும். தண்ணீர் புகாத நீள உடையை மாட்டிக்கொண்டு, இடுப்பளவு நீரில் நடந்தபடியே வீசுவார்கள்.

வாடை அடித்தால்

வடக்கிலிருந்து கடும் வாடைக்காற்று இறங்கினால் கதையே மாறிவிடும். தெற்கு டெக்சாஸின் லகுனா மாட்ரே உப்பங்கழியின் பெரும்பகுதி ஆள் உயரம்கூட இல்லை. ஆழம் குறைந்த தண்ணீர் சட்டென்று குளிரும். உயிர் தப்ப மீன்கள் கப்பல் கால்வாய், துறைமுகப் பள்ளம் போன்ற ஆழமான இடங்களில் போய் ஒண்டிக்கொள்ளும். தண்ணீர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் சீட்ரவுட்டுக்கு ஆபத்து. ரெட்ஃபிஷ் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

1983 டிசம்பர் உறைபனியில் டெக்சாஸ் கரையில் சுமார் 1.4 கோடி மீன்கள் செத்தன. 2021 பிப்ரவரியில் குறைந்தது 38 லட்சம். இவற்றில் பெரும்பாலானவை யாரும் தூண்டிலுக்குத் தேடாத மீன்கள். ஆனால் சீட்ரவுட் மட்டுமே சுமார் 1.6 லட்சம் என்று மாநிலத் துறை கணக்கிட்டது.

தடையின் காரணம் இதுதான். குழிக்குள் ஒண்டியிருப்பவை அந்தக் குளிரில் பிழைத்திருக்கும் மீன்கள். அடுத்த கோடையில் முட்டையிட வேண்டியவை. விறைத்துப்போய் ஓட முடியாமல் நெருக்கியடித்துக் கிடக்கும்போது யார் வேண்டுமானாலும் வாரிக்கொண்டு போகலாம். ‘பிடிச்சுட்டு விட்டுடறேன்’ என்றாலும், மேலே இழுபட்டுக் களைத்த மீன் குளிரிலிருந்து மீளுவது சந்தேகம். 2022 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இப்படிச் சில இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. தண்ணீர் சூடேறியதும் திறந்துவிடுவார்கள்.

ஆனால், 2021 இழப்புக்கு ஓரிரு நாள் தடை போதவில்லை. அந்த ஏப்ரலில் லகுனா மாட்ரேயில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 சீட்ரவுட் என்று அளவைக் குறைத்தார்கள். 23 அங்குலத்துக்கு மேற்பட்டதைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த அளவுக்கு வளர்ந்தவை பெரும்பாலும் பெட்டைகள். அதிக முட்டை இடுபவையும் அவைதான்.