நடுவில் நின்றவர்கள் எங்கே போனார்கள்?

1964 ஜூன் 10. அமெரிக்க செனட் சபையில் எழுத்தர் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவின் கிளேர் எங்கல் பெயர் வந்தபோது குரல் எழவில்லை. மூளைக் கட்டியால் பேச்சை இழந்திருந்த அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். கையைச் சிரமப்பட்டு உயர்த்தித் தன் கண்ணைச் சுட்டிக் காட்டினார் எங்கல். ஆங்கிலத்தில் கண்ணுக்கும், சபையில் ஆதரவு தெரிவிக்கும் சொல்லுக்கும் உச்சரிப்பு ஒன்றே. அவர் வாக்கு பதிவானது. குடிமை உரிமை மசோதாவைப் பல வாரங்களாகப் பேசிப் பேசியே முடக்கி வைத்திருந்த தென்மாநில உறுப்பினர்களின் முயற்சி, 71-க்கு 29 என்ற கணக்கில் அன்று உடைந்தது.

இப்படிப் பெயர் சொல்லிப் பதிவான வாக்குகள் 1789-இல் கூடிய முதல் காங்கிரஸ் (செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்) தொடங்கி இன்றுவரை பத்திரமாக இருக்கின்றன. சபையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டாலே யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதைக் குறித்தாக வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்டமே சொல்கிறது. இரண்டு நூற்றாண்டுகளாகக் குவிந்த இந்தப் பதிவுகளை வைத்து ஒரு பெரும் வேலையைச் செய்தவர்கள் கீத் பூல், ஹோவர்ட் ரோசன்தால் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள். 1980-களில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர்கள் உருவாக்கிய கணக்கு முறைக்கு 'நாமினேட்' என்று பெயர்.

சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று ஊர்களின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் இடையிலுள்ள தூரமும் மட்டும் தெரிந்தால் போதும், வரைபடத்தை நாமே போட்டுவிடலாம். பூலும் ரோசன்தாலும் அதையேதான் மனிதர்களை வைத்துச் செய்தார்கள். அடிக்கடி ஒரே பக்கம் வாக்களிக்கும் இருவர் வரைபடத்தில் அருகருகே வருவார்கள். எப்போதும் எதிரெதிராக வாக்களிப்பவர்கள் விலகி நிற்பார்கள். யார் இடதுசாரி, யார் வலதுசாரி என்று கணினிக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. மேடைப் பேச்சையும் அது கேட்பதில்லை. வாக்குகளை மட்டும் கொடுத்தால், சுமார் மைனஸ் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன்று வரை நீளும் ஒரு கோட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. வரி, நலத்திட்டம், வணிகக் கட்டுப்பாடு போன்ற விஷயங்களில் அரசு எவ்வளவு தலையிட வேண்டும் என்ற கேள்வியே பெரும்பாலும் அந்தக் கோடு. ஒருவர் அதில் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தாலே அவர் போடும் வாக்குகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் சரியாகச் சொல்லிவிட முடிகிறது.

நம் நாட்டில் இப்படி வாக்குகளை வைத்து உறுப்பினர்களை எடைபோட முடியாது. 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். போதாக்குறைக்கு, ஏராளமான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுகின்றன. அமெரிக்காவில் கட்சித் தலைமை நெருக்கலாம், கெஞ்சலாம். உறுப்பினரின் இருக்கையைப் பறிக்க முடியாது. அங்கே ஒருவரின் வாக்கு அவரைப் பற்றி ஏதாவது சொல்வதற்குக் காரணம் இந்தச் சுதந்திரம்தான்.

ஒரு கோட்டில் அடங்காத காலங்களும் உண்டு. அடிமை முறை, பிறகு கறுப்பின மக்களின் உரிமை ஆகியவை சபைக்கு வந்தபோதெல்லாம் கட்சிகள் உள்ளுக்குள்ளேயே பிளந்தன. அதைக் காட்ட வரைபடத்துக்கு இரண்டாவது கோடு தேவைப்பட்டது. எங்கல் வாக்களித்த மசோதாவே சாட்சி. இறுதி வாக்கெடுப்பில் அது 73-க்கு 27 என்று செனட்டில் நிறைவேறியது. எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர், அதாவது அதை முன்னெடுத்த அதிபர் ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். இல்லினாய்ஸின் எவரெட் டர்க்சன் தலைமையில் குடியரசுக் கட்சியினர் 27 பேர் கைகொடுக்காவிட்டால் அந்தச் சட்டம் பிறந்திருக்காது. அன்றைய வரைபடத்தில் இரு கட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. குடியரசுக் கட்சியின் தாராளவாதிகள் பலர், ஜனநாயகக் கட்சியின் பழமைவாதிகளைவிட இடதுபுறம் நின்றார்கள்.

அந்த நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. 1965-இல் முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோது, குடியரசுக் கட்சியினர் 70 பேர் ஆதரித்தார்கள். 2010 மார்ச்சில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா அதே சபையில் 219-க்கு 212 என்று தப்பிப் பிழைத்தது. ஆதரித்த குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட இல்லை. 2017-இல் டிரம்பின் வரிக் குறைப்புச் சட்டத்துக்கு ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு வாக்கும் விழவில்லை.

உறுப்பினர்கள் மனம் மாறியதால் இது நேர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். பூலின் கணக்கு வேறு கதை சொல்கிறது. சபைக்குள் நுழையும்போது எங்கே நிற்கிறார்களோ, பெரும்பாலோர் ஓய்வு பெறும்வரை ஏறக்குறைய அங்கேயே நிற்கிறார்கள். தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் 1964-இல் செய்ததுபோலக் கட்சி மாறுபவர்கள் விதிவிலக்கு. மிதவாதி ஒருவர் விலகும்போதோ தோற்கும்போதோ அந்த இருக்கைக்குத் தீவிரமான ஒருவர் வருகிறார். இடைவெளி வளர்ந்தது முக்கியமாக இப்படித்தான். இரு தரப்பும் சமமாக விலகவும் இல்லை. 1970-களுக்குப் பிறகு குடியரசுக் கட்சி வலதுபுறம் போன தூரம், ஜனநாயகக் கட்சி இடதுபுறம் போனதைவிடக் கணிசமாக அதிகம்.

ஆளுங்கட்சிகள் தமக்கு வசதியாகத் தொகுதி எல்லைகளை வளைத்து வரைவதே இதற்குக் காரணம் என்று பலர் குற்றம்சாட்டுகிறார்கள். நோலன் மெக்கார்ட்டி என்ற இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து பூலும் ரோசன்தாலும் இதைச் சோதித்தார்கள். தொகுதி வரைவின் பங்கு சிறியது என்றே தெரிந்தது. செனட்டை எடுத்துக்கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும்: மாநில எல்லைகளை யாரும் திருத்தி வரைவதில்லை, ஆனாலும் செனட்டிலும் பிளவு ஆழமாகியிருக்கிறது. மூவரும் 2006-இல் வெளியிட்ட நூலில் கவனத்தை வருமான ஏற்றத்தாழ்வின் பக்கம் திருப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏற்றத்தாழ்வு தணிந்திருந்தபோது கட்சிகளும் நெருங்கி இருந்தன. 1970-களிலிருந்து இரண்டும் சேர்ந்தே ஏறின. எது எதைத் தூண்டுகிறது என்பதில் விவாதம் தொடர்கிறது.

இந்த வரைபடத்தை அப்படியே வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் சபைத் தலைவர்கள். கட்சியைப் பிளக்கக்கூடிய மசோதாவை அவர்கள் உள்ளேயே விடாமல் தடுத்துவிட முடியும். கட்சிகளுக்கு இடையிலான சண்டையில் கொள்கை எவ்வளவு, தேர்தல் போட்டி எவ்வளவு என்பதையும் வாக்குப் பதிவால் பிரித்துக் காட்ட இயலாது. 2021 நவம்பர் 5 இரவு, பைடனின் உள்கட்டமைப்பு மசோதா பிரதிநிதிகள் சபையில் 228-க்கு 206 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் 13 பேர் ஆதரிக்க, அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கார்டெஸ் உள்ளிட்ட ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிகள் ஆறு பேர் எதிர்த்தார்கள். அதோடு சேர்ந்து வரவேண்டிய சமூகநல மசோதா கைவிடப்படும் என்ற அச்சமே அந்த எதிர்ப்புக்குக் காரணம். கணினிக்கு அது தெரியாது. அவர்கள் வலதுசாரிகளோடு சேர்ந்து வாக்களித்ததாகவே எடுத்துக்கொண்டு, ஒகாசியோ-கார்டெஸை அவர் உண்மையில் நிற்கும் இடத்தைவிட நடுவுக்கு நெருக்கமாக வைக்கிறது. ஆகவே ஆய்வாளர்கள் ஓர் உறுப்பினரின் புள்ளியைப் பார்க்கும்போது, அவர் முன்மொழிந்த மசோதாக்களையும் வாக்குக்கு அவர் சொன்ன காரணத்தையும் பக்கத்தில் வைத்தே படிக்கிறார்கள்.