ஆயுத பூஜைக்குப் பொட்டு மட்டும் வைத்தால் போதுமா? மழைக்கு முன்னால் உங்கள் வீட்டு ஷட்டரைக் கவனியுங்கள்!

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றது நினைவிருக்கிறதா? வெள்ளத்தில் மூழ்கிவிடக் கூடாது என்று மக்கள் முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்திய கார்கள் அவை. எங்கள் வீட்டுக் காரும் அன்று அங்கே போயிருக்க வேண்டியது. ஆனால், கார் ஷெட்டின் ஷட்டர் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற மறுத்துவிட்டது.

அப்பா தூக்க, நான் தள்ள, பக்கத்து வீட்டு மாமா கடப்பாரையோடு வர... ஒரு மணி நேரம் போராடியதில் ஷட்டரின் ஒரு பட்டை நெளிந்ததுதான் மிச்சம். நல்லவேளையாக, எங்கள் தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. பிறகு மெக்கானிக் வந்து பார்த்தபோது பெரிய கோளாறு எதுவும் இல்லை. பக்கவாட்டுச் சேனலில் பல வருடத் தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்து களிமண்போல இறுகியிருந்தன. அவ்வளவுதான்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஆயுத பூஜைக்காக அதே ஷட்டரைத் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்திருந்தோம். வெளியே பளபளப்பு, உள்ளே அழுக்கு!

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தையொட்டித்தான் ஆயுத பூஜையும் வருகிறது. அந்த நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், மழைக்காலம் முழுக்க ஷட்டர் சொன்னபடி கேட்கும். என்ன செய்ய வேண்டும்?

சேனலில் இருந்து தொடங்குங்கள்

ஷட்டரின் பட்டைகள், இருபக்கமும் உள்ள இரும்புச் சேனலுக்குள்தான் ஏறி இறங்குகின்றன. ஷட்டரை முழுவதும் ஏற்றிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் சேனலின் உள்பக்கத்தைத் தேய்த்து எடுங்கள். இறுகிப்போன கிரீஸ் இருந்தால், துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். அருகில் விளக்கோ, ஊதுபத்தியோ எரியக் கூடாது. ஷட்டர் வந்து உட்காரும் தரைப் பகுதியில் சேர்ந்திருக்கும் மண், சருகுகளையும் அள்ளிவிடுங்கள்.

பிறகு ஷட்டரை இறக்கி, பட்டைகளின் மடிப்புகளில் உள்ள தூசியைக் காய்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி ஏற்றினால், தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். மழையில் நனைந்த ஷட்டருக்கும் இதே விதிதான். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள், உப்புக்காற்றுக்காக மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைப்பது நல்லது.

எண்ணெய் எங்கே, எங்கே கூடாது?

சத்தம் வந்தால் உடனே சேனலில் கிரீஸை அப்புவது பலரின் பழக்கம். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. கெட்டியான கிரீஸ் தெருப்புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சேனலுக்கு சிலிகான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். சங்கிலி வைத்து ஏற்றும் ஷட்டராக இருந்தால், அதன் கியருக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ் தரலாம். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். நாளடைவில் பிசுபிசுப்பாகி சாவியே நுழையாது. பென்சில் முனையைச் சீவிய தூளைச் சாவியில் தடவி, நாலைந்து முறை திருப்பினாலே பூட்டு இலகுவாகிவிடும்.

ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள்!

கையால் தூக்கும் ஷட்டரின் எடையைத் தாங்குவது, மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள்தான். அவை சரியாக இருக்கின்றனவா என்று நீங்களே சோதிக்கலாம். ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். கையை முழுவதும் எடுக்க வேண்டாம், காலைக் கீழே வைக்கவும் வேண்டாம். ஷட்டர் ஏறக்குறைய அங்கேயே நின்றால் நல்லது. கனமாகக் கீழே இழுத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் கை எலும்பையே முறித்துவிடும். யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை இது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை. பட்டைகளின் இடுக்கில் விரல் சிக்கும் அபாயம் உண்டு. பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து ஓடுவதை விளையாட்டாகக்கூட அனுமதிக்காதீர்கள்.

மோட்டார் ஷட்டரா?

சுத்தம் செய்வதற்கு முன்பு மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். புயல், மழை நாள்களில் கரன்ட் போனால் ரிமோட் உதவாது. அப்போது கையால் திறப்பதற்குச் சங்கிலியோ, கைப்பிடியோ இருக்கும். அது எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்பதை வீட்டில் எல்லோரும் ஒருமுறையாவது செய்து பழகுங்கள். இருட்டில் தேடுவதற்கான விஷயம் இல்லை அது.

போகிக்கு ஒரு பார்வை

மழை ஓய்ந்து போகி வரும்போது, ஷட்டரின் அடித்தகட்டைப் பாருங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்து, காய்ந்த பின் பெயின்ட் பூசலாம். பட்டைகள் இணையும் இடத்தில் பெயின்ட் தடிமனாக வேண்டாம், ஒட்டிக்கொள்ளும்.

இப்போது எங்கள் வீட்டில் அம்மா ஒரு சட்டமே போட்டுவிட்டார். ஆயுத பூஜையன்று அப்பா ஷட்டரை இரண்டு முறை சிரமமில்லாமல் ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சந்தனக் கிண்ணம் வெளியே வரும்!