தகவலுக்கு விலை கால் பங்கா?

சென்ற ஆண்டு என் தங்கையின் வீட்டுக்கு, மீட்பு ஆலோசகர்கள் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. காலஞ்சென்ற அவளுடைய கணவரின் பெயரில் உரிமை கோரப்படாத சொத்து இருப்பதாகவும், இணைத்துள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் மீட்டுத் தருவதாகவும், கிடைப்பதில் 25 சதவீதம் தங்களுக்கு என்றும் எழுதியிருந்தது. என்ன சொத்து, எங்கே இருக்கிறது என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"அண்ணா, தெரியாமலே போயிருக்க வேண்டிய பணம்தானே, கால் பங்கு போனால் போகட்டுமே?" என்று கேட்டாள். ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறுதரப்புக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கோணுகிறது என்று வகுப்பறையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். ஆனாலும் உடனே பதில் சொல்ல இயலவில்லை.

வாரிசு தேடுவது பிரிட்டனில் பழைய தொழில். இங்கிலாந்தில் உயிலின்றி, அறிந்த உறவினர் எவருமின்றி இறப்பவரின் சொத்து அரசைச் சேரும். அத்தகையோரின் பட்டியலை அரசே இணையத்தில் வெளியிட்டு வந்தது. நிறுவனங்கள் அதைப் பார்த்து, பிறப்பு, திருமணப் பதிவேடுகளைத் துருவி, இறந்தவரின் பெயரைக்கூடக் கேட்டறியாத தூரத்து உறவினரைக் கண்டுபிடித்துப் பங்கு பேசி வந்தன. அங்கே விற்கப்படுவதில் உழைப்பும் உண்டு.

நம் நாட்டு நிலை வேறு. தொடர்ந்து 7 ஆண்டுகள் ஈவுத்தொகை கோரப்படாத பங்குகளை, 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு நிறுவனங்கள் மாற்றிவிட வேண்டும். கோரப்படாத ஈவுத்தொகை யாருக்குரியது என்ற பெயர், முகவரிப் பட்டியலையும் அவை தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மனைவியும் மக்களும் பெரும்பாலும் அதே ஊரில்தான் இருப்பார்கள். ஆகவே கடிதம் எழுதியவர்களின் இரகசியம், யாரும் படிக்கக்கூடிய ஒரு பட்டியலாகவே இருக்க வாய்ப்பு மிகுதி.

நிதியத்தின் இணையதளத்தில் மைத்துனரின் பெயரைத் தேடினோம். முதலில் ஒன்றும் வரவில்லை. தமிழர்களாகிய நமக்கே உரிய தொல்லை இது: தலைப்பெழுத்தைப் பின்னால் போட்டும், தந்தை பெயரை விரித்து எழுதியும் தேடிய பிறகுதான் கிடைத்தது. 1990களில் அவர் வாங்கி, மறந்துபோன பங்குகள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவத்தை இணையத்தில் நிரப்பி, ஆவணங்களை அந்தந்த கம்பெனியின் தொடர்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி சரிபார்த்து அறிக்கை தந்த பிறகே நிதியம் பங்குகளை விடுவிக்கும். வாரிசுதாரருக்கு டிமேட் கணக்கு இருந்தாக வேண்டும்.

சொல்லும்போது எளிது. எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பங்குச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் தேவைப்பட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், மைத்துனர் இறந்தபோது அவருடைய தாயார் உயிருடன் இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மக்களுக்கு நிகராகத் தாயும் முதல் வகுப்பு வாரிசு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த அம்மையாரும் பின்னர் உயில் எழுதாமலே மறைந்துவிட்டதால், அவர் பங்கில் தங்கையின் நாத்தனாருக்கும் உரிமை உண்டாயிற்று. பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த இருவர் ஒரு ஆட்சேபணையின்மைக் கடிதத்துக்காகச் சந்திக்க நேர்ந்தது. தங்கை மட்டும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை வைத்து அந்த நிறுவனம் இதை எப்படித் தீர்த்திருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும் தனியே செய்தோம் என்று பெருமை பேசமாட்டேன். ஆவணங்களைத் திருத்த எங்கள் ஊர்க் கம்பெனிச் செயலர் ஒருவரை அமர்த்தி, நிலையான கட்டணம் கொடுத்தோம். வேலைக்குக் கூலி கொடுப்பதில் எனக்குத் தடையில்லை. சொத்தின் மதிப்பு உயர உயரக் கூலியும் உயர வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பத்து பங்குக்கும் ஆயிரம் பங்குக்கும் நிரப்ப வேண்டியது அதே படிவம். நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் பெற வேண்டிய பெருந்தொகையானால் வழக்கறிஞர் செலவு கூடும் என்பது உண்மை. அதையும் முன்கூட்டியே பேசி முடிக்கலாம். பொது அதிகாரப் பத்திரம் கேட்பவரிடமும், முன்பணமோ ஓ.டி.பி. எண்ணோ கேட்பவரிடமும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

வங்கி வைப்புகளுக்கு வழி இன்னும் எளிது. 10 ஆண்டுகள் கோரப்படாத தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்றாலும், உரியவர் எப்போது வேண்டுமானாலும் தம் வங்கியிலேயே கேட்டுப் பெறலாம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் பல வங்கிகளையும் ஒரே இடத்தில் தேடலாம். ஆயுள் காப்பீட்டில் மட்டும் கவனம் தேவை: 10 ஆண்டுகள் கோரப்படாத தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகிறது, அதன்பின் 25 ஆண்டுகளுக்குள் கேட்காவிட்டால் அரசுக்கே உரியதாகிவிடும்.

பங்குகள் தங்கையின் கணக்குக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு அதே நிறுவனத்திடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இம்முறை அவர்கள் கேட்டிருந்தது 15 சதவீதம்.