பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள்



உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ ஒரு மருத்துவமனை. பிறப்புப் பதிவுக்கான படிவம் உங்கள் கையில் தரப்படுகிறது. அதே வேளையில் பாறசாலையிலிருந்து பாட்டியின் தொலைபேசி. தாத்தாவின் பெயரை இட வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. வேதாகமப் பெயர் வேண்டும் என்கிறார் பாஸ்டர். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்யாத பெயராக இருக்கட்டும் என்கிறாள் குழந்தையின் தாய். இவற்றில் எதை எழுதுவீர்கள்?

இந்தக் குழப்பம் புதிதன்று. லூக்கா முதலாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். எலிசபெத்தின் உறவினர், குழந்தைக்குத் தகப்பனின் பெயரை இட முனைந்தார்கள். தாய் மறுத்து, யோவான் என்றாள். உறவில் அந்தப் பெயருடையவர் ஒருவருமில்லையே என்று தடுத்தார்கள். பேச இயலாத சகரியா எழுத்துப்பலகையை வாங்கித் தாய் சொன்ன பெயரையே எழுதினார். யார் பெயரிடுவது, எந்த மொழியில், யாருடைய வழக்கப்படி என்னும் கேள்விகள் அனைத்தும் அந்த ஒரு வீட்டிலேயே எழுந்துவிட்டன.

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களில் இக்கேள்விகள் இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகின்றன. அங்குள்ள வீடு ஒன்றின் வம்ச வரிசை இப்படி இருக்கலாம். பூட்டனார் மாடன். அவர் மகன் ஏசுவடியான். அவர் மகன் தங்கையன். அடுத்து ஸ்டான்லி, அதற்கடுத்து பிஜு, கடைசியில் ஜெபின். ஒரே குருதி, ஆறு தலைமுறை, ஆறு உலகங்கள். இப்பெயர்களை வரிசையாய் வாசிக்கத் தெரிந்தவனுக்குத் திருவிதாங்கூரின் சமூக வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

அடியன், ஏசுவடியான் ஆன கதை

லண்டன் மிஷனரியாகத் திருவிதாங்கூரில் ஊழியம் செய்த சாமுவேல் மட்டீர், 1871-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அடிமைச் சாதியாரின் பேச்சைக் குறித்து எழுதியிருக்கிறார். அவர்கள் மேலோர் முன்னிலையில் ‘நான்’ என்று சொல்லக் கூடாது. ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். தாம் உண்ணும் சோற்றைச் சோறு என்னாமல் ‘கரிக்காடி’ என்று சொல்ல வேண்டும். தாம் பெற்ற பிள்ளைகளைப் பிள்ளைகள் என்னாமல், கன்றுகள் என்றும் குரங்குகள் என்றும் குறிப்பிட வேண்டும்.

சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தன் மகனைக் கன்று என்று சொல்லக் கட்டாயப்படுத்தப்பட்ட தகப்பன், ஒரு நாள் அவனைச் சபைக்கு எடுத்துச் சென்று ஞானமணி, சத்தியநேசன், வேதமாணிக்கம் என்று பெயர் சொல்லி அழைக்கக் கேட்டான். ‘அடியான்’ என்னும் சொல்லையே எடுத்து அதன் எஜமானை மாற்றினான். நிலவுடைமையாளனுக்கு அடியனாயிருந்தவன் ஏசுவடியான் ஆனான். 1855-இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் சட்டம் எட்டாத இடங்களில் விடுதலையைப் பெயர் அறிவித்தது.

வேதமாணிக்கம் என்னும் பெயருக்கும் ஒரு தொடக்கம் உண்டு. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று அப்பெயரைத் தரித்தார். அவருடைய அழைப்பின் தொடர்ச்சியாகவே ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்தார். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு இடப்பட்ட பெயர் லாசரு. அதன் பொருள் தேவன் உதவினார் என்பது. எனவே தமிழில் அது தேவசகாயம் ஆயிற்று. 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தபோது அந்தத் தமிழ்ப்பெயர் உலகமெங்கும் ஒலித்தது. அயல்மொழிப் பெயரை ஒலியாக மட்டும் வாங்காமல், பொருளாக வாங்கிக்கொண்ட காலம் அது.

நம் பெந்தெகொஸ்தே முன்னோரிடமும் இத்தகைய மாற்றம் உண்டு. கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் பிறந்த இராமன்குட்டி, இலங்கைக்குச் சென்று கிறிஸ்துவை ஏற்றுப் பவுல் ஆனார். 1920-களில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கிய பாஸ்டர் பவுல் அவரே.

இவை யாவும் தாமே விரும்பி ஏற்ற பெயர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகள் சிலருக்கு, அவர்களைத் தாங்கப் பணம் அனுப்பிய இங்கிலாந்து விசுவாசிகள் குறித்தனுப்பிய பெயர்கள் இடப்பட்டன. அன்பினால் செய்யப்பட்டதே எனினும், பெயரிடும் உரிமை அங்கும் வேறொருவர் கையில்தான் இருந்தது. பாபிலோனில் தானியேலைப் பெல்தெஷாத்சார் என்று அழைத்தார்களே, அதைப் போல.

அன்னாளும் ஹன்னாவும்

ஒரே வேதாகமப் பெயர் எத்தனை உருவம் எடுக்கிறது பாருங்கள். தமிழ் வேதாகமத்தில் யாக்கோபு. ஆங்கிலவழி வந்தால் ஜேக்கப் அல்லது ஜேம்ஸ். சுரியானி கிறிஸ்தவரிடம் சாக்கோ. போர்த்துக்கீசியர்வழி வந்த கடற்கரைக் கத்தோலிக்கரிடம் சந்தியாகு. அழைக்கும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எந்தச் சபை என்று சொல்லிவிடலாம்.

பெண்களின் பெயர்களில் இன்னொரு நுட்பம் உண்டு. தமிழ் வேதாகமத்தில் சாராள், ரெபெக்காள், அன்னாள், தெபோராள், மரியாள் என்று வாசிக்கிறோம். மலையாள வேதாகமத்தில் அவர்களே சாறா, ரிபெக்கா, ஹன்னா, தெபோரா, மறிய. தமிழ் மொழி பெண்பாலை ஈற்றிலே காட்ட விரும்புகிறது. வந்தான், வந்தாள் என்று வினைச்சொல்லிலும் பால் காட்டுகிறோம். மலையாளமோ இருவருக்கும் ‘வந்நு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. அந்த இலக்கண வேறுபாடு பெயர்களிலும் ஏறிவிட்டது. எல்லைக் கிராமத்தில் பாட்டி அன்னாள், பேத்தி ஹன்னா. இருவரும் சாமுவேலின் தாயின் பெயரையே தரித்தவர்கள். நடுவில் உதிர்ந்தது ஒரு ‘ள்’ மட்டுமே.

‘பாய்’ என்று முடியும் பெயர்களும் அவ்வூர்களுக்கு உரியவை: ஞானபாய், நேசபாய், ரோஸ்பாய். திருவிதாங்கூரை 1810 முதல் 1829 வரை அடுத்தடுத்து ஆண்ட கௌரி லக்ஷ்மி பாயி, கௌரி பார்வதி பாயி ஆகியோரின் பெயரிலும் இதே ஈறு உண்டு. பனையேறும் குடும்பத்துப் பெண்கள் மேற்சீலை அணிந்ததற்காகத் தெருவில் அவமானப்படுத்தப்பட்ட நாட்கள் அவை. 1859 ஜூலையில்தான் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசாணை வந்தது. அப்பொழுதும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்னும் கட்டுப்பாடு நீங்கவில்லை. உடையில் மறுக்கப்பட்ட சமத்துவம் பெயரில் நிலைபெற்றது. உங்கள் பாட்டியின் பெயர் பாய் என்று முடிந்தால், அதைப் பழம்பெயர் என்று நகைக்காதீர்கள்.

வேண்டாத பிள்ளையின் பெயர்

எல்லாப் பெயர்களும் அன்பினால் வந்தவை அல்ல. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண் குழந்தைக்குப் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயரிட்ட கிராமங்கள் தமிழ்நாட்டில் உண்டு. மராட்டிய மாநிலம் சாத்தாராவில் ‘வேண்டாதவள்’ என்று பொருள்படும் நகுசா என்னும் பெயரைச் சுமந்த 285 சிறுமிகளுக்கு, 2011 அக்டோபரில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள். தன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தான் வேண்டாதவள் என்று சொல்ல வேண்டியிருந்த பிள்ளைக்கு, அது எத்தகைய மீட்பாயிருந்திருக்கும்!

நெய்யாற்றின்கரைப் பகுதியில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் காணலாம். 1910-களில் ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்கும்படி, புலையர் குலத்துச் சிறுமி பஞ்சமியை அய்யன்காளி கைப்பிடித்து அழைத்துச் சென்றார். பொறாதவர்கள் பள்ளிக்கே தீயிட்டார்கள். திதியின் பெயரால் அழைக்கப்பட்ட, ஏட்டில் பெயர் ஏறக் கூடாது என்று தடுக்கப்பட்ட அந்தச் சிறுமியின் பெயரை, 2022-இல் கேரள அரசு அய்யன்காளியின் பெயரோடு சேர்த்து அந்தப் பள்ளிக்கே இட்டது.

பொருளற்ற பெயரின் பொருள்

பிஜு, ஷாஜி, சஜி, ஷிபு, பினு, ஜிஜி. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கேரளமெங்கும் பரவிய இப்பெயர்களுக்கு அகராதியில் பொருள் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பெரியவர்கள் குறைப்பட்டார்கள். ஆனால் அவற்றில் ஒரு நன்மையும் இருந்தது. சஜி என்பவன் இந்துவா, கிறிஸ்தவனா, எந்தக் குலத்தான் என்பதைப் பெயர் காட்டிக்கொடுக்கவில்லை. ஜிஜி ஆணா பெண்ணா என்றும் சொல்லவில்லை. சாதியின் வாசனையில்லாத ஒரு பெயருக்காக ஏங்கியவர்களுக்கு, பொருளில்லாமையே ஒரு பொருளாயிற்று. பிறகு வந்த அபின், அஜின், ஜெபின், அபிஷா, ஜெபிஷா ஆகியவை களியக்காவிளைக்கு இருபுறமும் ஒன்றுபோல் வழங்குகின்றன.

வேறொரு வேதனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜெபக்கூட்டத்தில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று வாழும் விசுவாசிகள் நம் நடுவில் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினருக்கான உரிமை இந்துக்களுக்கு மட்டுமே என்றிருந்தது; 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. வேதாகமப் பெயரை ஏட்டில் எழுதினால் மகளின் படிப்புக்கு இடையூறு வருமோ என்று ஒரு தகப்பன் நடுங்குகிறான். உண்மை பேசுவதே நமக்கு அழகு. ஆயினும் நகரத்தில் வசதியாய் அமர்ந்துகொண்டு அவனைக் கடிந்துகொள்ளுமுன், அவனை அந்த இக்கட்டில் நிறுத்தியது எது என்றும் நாம் கேட்க வேண்டாமா?

எல்லைக்கல்லும் எழுத்தும்

1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நேசமணி தலைமையிலான போராட்டக்காரர்கள் நெய்யாற்றின்கரையையும் கேட்டார்கள். அது கேரளத்திலேயே நின்றது. அண்ணன் வீடு ஒரு மாநிலம், தங்கை வீடு மறு மாநிலம் என்றாயிற்று. பெயர்களும் இரண்டாய்ப் பிரிந்தன.

தங்கராஜ் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டில் நடுவில் ‘ஜி’ எழுத்தை இடுவார்கள். கேரளத்தில் ‘கே’ இடுவார்கள். ஞானதாஸ் தமிழ்நாட்டில் ‘ஜி’ எழுத்தில் தொடங்குகிறார். கேரளத்தில் ‘ஜே’ எழுத்தில். தமிழ்நாட்டில் தகப்பனின் தலைப்பெழுத்து முன்னே வரும். நெய்யாற்றின்கரைப் பக்கம் பெயருக்குப் பின்னே வருவதும் வழக்கம். பாறசாலையில் படித்து, மார்த்தாண்டத்தில் மணமுடித்து, பெங்களூரில் வேலை செய்பவரின் சான்றுகளில் ஒரே ஆள் மூவராகத் தோன்றக்கூடும். இதற்காகவே கேரளத்தில் கிராம அலுவலகங்கள், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சான்றிதழ் தருகின்றன.

வளைகுடா செல்வோருக்கும் ஒரு பாடம் உண்டு. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கி வாழ்ந்த தமிழர் பலர் அன்று திகைத்தார்கள்.

உங்கள் கையிலுள்ள படிவம்

ஆகையால் பிரியமானவர்களே, அந்தப் படிவத்தை நிரப்புமுன் சில காரியங்களைக் கவனியுங்கள்.

பதற்றத்தில் எழுதாதீர்கள். பிறப்பைப் பதிந்த பின்பு, பெயரைச் சேர்க்கப் பன்னிரண்டு மாதம் வரை கட்டணமில்லை. அதன் பின்பு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை. எனவே தாமதிக்கவும் வேண்டாம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரே விதமாக முடிவு செய்யுங்கள். தலைப்பெழுத்தை விரித்து முழுப்பெயராக எழுதுங்கள். பெற்றோரின் ஆதாரில் உள்ளபடியே பெற்றோர் பெயர் இருக்கட்டும்.

தாயின் குரலையும் கேளுங்கள். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தாய் அல்லது தகப்பன் ஒருவரின் பெயரே போதும் என்று 2016-இல் விதி தளர்ந்தது. சான்றுகளில் தாயின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. தனியாய்ப் பிள்ளை வளர்க்கும் சகோதரிகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். தலைப்பெழுத்தைக் கேட்டு அவர்களைக் கூனிக்குறுக வைக்காதிருப்போம்.

கடைசியாக ஒன்று. எந்தப் பெயரை வைத்தாலும் அதன் கதையைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். ஜெபின் என்னும் சிறுவன் தன் பூட்டனாரின் தகப்பன் பெயர் ஏசுவடியான் என்று அறியட்டும். தன் பிள்ளையைப் பிள்ளை என்று சொல்லக் கூடாதிருந்த காலத்தில் அந்தப் பெயர் பிறந்தது என்றும் அறியட்டும். தமக்கு மறுக்கப்பட்ட உரிமையை நம் முன்னோர் மிகுந்த பாடுகளோடு பெற்று நம் கையில் தந்தார்கள். அந்தப் படிவத்தில் காலியாயிருக்கும் ஒரு வரி அந்த உரிமைதான். ஜெபத்தோடும் நன்றியோடும் அதை நிரப்புங்கள்.