முழக்கத்துள் மறையும் சொல்

அமெரிக்க நாட்டின் ஹார்வர்டுப் பல்கலைக் கழகத்தில் 1895ஆம் ஆண்டு ஃபாக் கலைக்காட்சி மனை திறக்கப் பெற்றபோது, அதன் விரிவுரை மண்டபம் பெரும் குறையுடன் விளங்கிற்று. அங்கே பேசுவோரின் பேச்சு எவர்க்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லைச் சொன்னால் அச்சொல் ஏறத்தாழ 5.5 வினாடி மண்டபத்திலேயே சுற்றித் திரிந்தது. அதற்குள் நிதானமாகப் பேசுகின்ற ஒருவர்கூட மேலும் 12 அல்லது 15 அசைகளைச் சொல்லி முடித்திருப்பார். முன்னே சொன்னவை அடங்குவதற்கு முன் பின்னே சொன்னவை வந்து கலக்க, மாணவர் செவிக்கு எட்டியது வெறும் இரைச்சலே.

இக்குறையைப் போக்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் அடங்கிய நள்ளிரவில் அவர் வேலை தொடங்குவார். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சிறிது சிறிதாக மண்டபத்துள் கொண்டுவந்து பரப்புவார். ஆர்கன் குழாயொன்றை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி அடங்குவதற்குரிய நேரத்தைக் குறிப்பார். மெத்தைகள் பெருகப் பெருக அந்நேரம் குறைந்துகொண்டே வந்தது. மண்டபத்தின் கன அளவு மிகுந்தால் ஒலி நீடிக்கும், ஒலியை உறிஞ்சும் பொருள் மிகுந்தால் அது விரைந்து அடங்கும் என்னும் விதி இவ்வாறு பிறந்தது. 1900இல் திறக்கப் பெற்ற பாஸ்டன் சிம்பனி மண்டபம் அவ்விதியின் துணை கொண்டு அமைக்கப் பெற்றதேயாகும்.

மலையடிவாரத்தில் கூவினால் திரும்பி வருவது எதிரொலி. அது தனித்துக் கேட்கும். மண்டபத்தின் சுவர், கூரை, தரை ஆகியவற்றில் ஆயிரம் முறை பட்டுத் தெறித்து, ஒன்றோடொன்று பிரிக்க இயலாதவாறு கலந்து தேய்வதை எதிர்முழக்கம் எனலாம். ஒலிப்பதிவுக் கூடத்தார் அதனை 'ரிவெர்ப்' என்று வழங்குவர்.

பகையாக இருந்தது உறவானது

சபைன் ஒழிக்க முயன்ற அதே முழக்கத்தைப் பிற்காலத்தார் விரும்பி வரவழைத்தனர் என்பது வியப்பிற்குரியது. கனத்த திரைகளும் கம்பளங்களும் நிறைந்த பதிவுக் கூடத்தில் ஒலிவாங்கியின் அருகே நின்று பாடிய குரல் உயிரற்றதாய், பெட்டிக்குள் அடைபட்டதாய்க் கேட்டது. 1947இல் சிகாகோ நகரில் பில் புட்னம் என்னும் ஒலிப்பதிவாளர், ஹார்மோனிகாட்ஸ் குழுவினரின் இசைத்தட்டிற்காக, கட்டடத்தின் குளியலறையில் ஓர் ஒலிபெருக்கியையும் ஓர் ஒலிவாங்கியையும் வைத்து, ஓடு பதித்த சுவர்களின் முழக்கத்தைப் பாட்டில் சேர்த்தார். அத்தட்டு பெரும் புகழ் பெற்றது. 1957இல் ஜெர்மானியரின் இ.எம்.டி. 140 என்னும் கருவி வந்தது. இரும்புச் சட்டத்தில் தொங்கும் மெல்லிய எஃகுத் தகடே அங்கு மண்டபத்தின் வேலையைச் செய்தது. அதன் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். 1976இல் எண்முறையில் இயங்கும் இ.எம்.டி. 250 தோன்றியது. இன்றோ கணினியில் செருகிக்கொள்ளும் சிறு மென்பொருளே, அதாவது 'பிளக்-இன்', தேவாலயத்தையும் குகையையும் இசை மண்டபத்தையும் நொடியில் கொணர்ந்து தருகிறது.

விலையோ இடமோ தடையாக இல்லாதபோது அளவு மீறுவது இயல்பு. 1895இல் ஒரு மண்டபத்துக்கு நேர்ந்த இடர் இன்று வீட்டறையில் பதிவாகும் பாட்டுக்கும் நேர்கிறது. மெட்டு இனிக்கிறது, குரல் இழைகிறது, சொல் மட்டும் விளங்கவில்லை.

ஏன் விளங்கவில்லை என்பதற்கு விடை காணத் தமிழாசிரியர்க்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நெடிலுக்கு 2 மாத்திரை, குறிலுக்கு 1 மாத்திரை, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை மாத்திரை என்பது இலக்கணம். இவ்வளவை ஒலியின் வன்மையோடு சேர்த்துக் காண்க. உயிரெழுத்து நீண்டும் உரத்தும் ஒலிப்பது. பாடகர் நீட்டுவதும் அதனையே. மெய்யோ குறுகியது, பெரும்பாலும் மெலியது. ஆயினும் ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில் மெய்க்குள்ள பங்கு பெரிது. 'ஆ' என்று நீட்டிய உயிரின் முழக்கம் தேயாமல் நிற்கையில், அதன்மேல் அரை மாத்திரை மெய் வந்து விழுமானால், ஆற்று வெள்ளத்தில் விழுந்த நெல்மணி போல் அது மறைந்துபோகும்.

'ஆழம்', 'ஆலம்' என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் எழுத்தொலியிலும் ஆற்றல் சில அதிர்வெண்களில் திரண்டு நிற்கும். லகரத்தில் அத்திரட்சிகளுள் மூன்றாவது மேலே விலகி நிற்க, ழகரத்தில் அது தாழ்ந்து இரண்டாவதன் அருகே வந்து விடுகிறது. செவி இரண்டையும் பிரித்தறிவதற்கு இது பெருந்துணை. இவ்வேறுபாடு நிகழுமிடம் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. அப்பகுதியை முன் எழுத்தின் முழக்கம் அடைத்துக்கொண்டால், பாடகர் நாவை எவ்வளவு மடித்து ஒலித்தாலும் பயனில்லை. ழகரம் தெரியாத பாடகர் என்ற பழி சில வேளைகளில் அவரைச் சார்ந்ததன்று, முழக்கத்தைச் சார்ந்ததே.

ஓர் ஒலி மற்றோர் ஒலியைக் கேளாதபடி மறைப்பதை வெகல், லேன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1924இலேயே அளந்து காட்டினர். அண்மை அதிர்வெண்களே ஒன்றையொன்று மிகுதியும் மறைக்கும். தாழ்ந்த சுரம் தனக்கு மேலுள்ளதை மறைப்பது எளிது, மேலுள்ளது கீழுள்ளதை மறைப்பது அரிது. செவியானது பல குறுகிய வடிகட்டிகளை வரிசையாக அடுக்கியது போல் இயங்குகிறது என்று ஹார்வி ஃபிளெட்சர் 1940இல் விளக்கினார். பின்னர் வரும் கருவியின் உட்பொருள் இவ்விரு செய்திகளிலும் அடங்கியிருக்கிறது.

பழைய மருந்துகள்

முழக்கத்தின் அளவைக் குறைப்பதே எவர்க்கும் முதலில் தோன்றும் வழி. குறைத்தால் சொல் விளங்கும். ஆனால் எதற்காக முழக்கத்தைச் சேர்த்தார்களோ அந்த அழகும் உடன் போய்விடும். இரண்டாவது வழி, குரலுக்கும் முழக்கத்துக்கும் இடையே சிறு இடைவெளி விடுதல். ஒலிப்பதிவாளர் பெரும்பாலும் 20 முதல் 80 மில்லி வினாடி வரை விடுவர். எழுத்தின் தொடக்கம் தூய்மையாகக் கேட்கும், பிறகே முழக்கம் எழும். எனினும் அடுத்த எழுத்து வரும்போது முந்தியதன் முழக்கம் அங்கே காத்திருக்கத்தானே செய்யும்? மூன்றாவது, இலண்டன் அபே ரோடு கூடத்தாரின் பெயரால் வழங்கும் வழி: முழக்கக் கருவிக்குள் செல்லும் ஒலியில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ளவற்றை முன்பே வெட்டிவிடுதல். தாழ்ந்த ஒலி மேலுள்ளதை மறைக்கும் என்ற உண்மையை எண்ணினால் இதன் நன்மை விளங்கும். இன்றும் இதைவிடச் சிக்கனமான மருந்து இல்லை. ஆயினும் சொற்கள் வாழும் நடுப்பகுதியை இது தொடுவதில்லை.

ஒதுங்கி வழிவிடும் கலை

வானொலியில் அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் பின்னணி இசை தானே தணிவதையும், அவர் நிறுத்தியதும் மீண்டும் எழுவதையும் யாவரும் கேட்டிருப்பர். ஒலிப்பதிவாளர் இதனை 'டக்கிங்' என்பர். தலை குனிந்து ஒதுங்குதல் என்பது அதன் பொருள். ஒலியின் அளவை அடக்கும் கம்ப்ரெசர் கருவி இயல்பாகத் தன்னுள் நுழையும் ஒலியையே கவனித்து அதனையே அடக்கும். அதற்குப் பக்கவழியாக வேறோர் ஒலியைக் கொடுத்து, 'இதனைக் கவனி, அதனை அடக்கு' என்று ஏவுவதே 'சைட்-செயின்'. ஏவும் ஒலி குரல்; அடங்கும் ஒலி முழக்கம். டென்மார்க்கின் டி.சி. எலெக்ட்ரானிக் நிறுவனம் 1985இல் வெளியிட்ட 2290 என்னும் எதிரொலிக் கருவி, இசைப்பவர் இசைக்கும்போது எதிரொலியைத் தாழ்த்தி, அவர் நிறுத்தியதும் உயர்த்தும் ஆற்றலால் பெயர் பெற்றது.

இதிலும் ஒரு குறை உண்டு. குரல் எழும்போதெல்லாம் முழக்கம் முழுவதும் தாழ்கிறது; ஓய்ந்ததும் முழுவதும் எழுகிறது. மெதுவான பாட்டில் இது மூச்சு வாங்குவது போல் கேட்கும். கதவில் ஒருவர் நுழைய ஊரையே காலி செய்வது போன்ற வேலை இது.

ஆகவேதான் அதிர்வெண் பிரித்து ஒதுங்கும் முறை வந்தது. ஸ்பெயின் நாட்டு வேவ்ஸ்ஃபேக்டரி நிறுவனத்தின் டிராக்ஸ்பேசர் என்னும் பிளக்-இன், ஏவும் குரலை 32 பட்டைகளாகப் பகுத்துக் காண்கிறது. குரலில் எப்பட்டையில் ஆற்றல் மிகுந்துள்ளதோ அப்பட்டையில் மட்டும், அந்நொடியில் மட்டும், முழக்கத்தைத் தாழ்த்துகிறது. பிற பட்டைகள் முன்போலவே ஒலிக்கின்றன. ஃபின்லாந்தின் சூத்2 போன்றவை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துச் செய்கின்றன. முழக்கம் மெலிந்ததாகவே கேட்பவர்க்குத் தோன்றாது. குரல் மட்டும் ஓரடி முன்னே வந்து நின்றதாகத் தோன்றும்.

இதனை அமைக்கும் முறையில்தான் பலர் தவறுகின்றனர். குரலின் மேலேயே முழக்கத்தைப் பூசிவிட்டால் இரண்டையும் பின்னர்ப் பிரிக்க இயலாது. குரலை இரு வழியாக அனுப்புதல் வேண்டும். ஒரு வழி நேரே கலவைக்குச் செல்லும். மற்றொன்று முழக்கக் கருவிக்குச் சென்று, வெறும் முழக்கமாக மட்டும் வெளிவந்து, தனித் தடத்தில் நிற்கும். ஒதுக்கும் பிளக்-இன் அத்தடத்தில், முழக்கக் கருவிக்குப் பின்னே இருக்க வேண்டும். முன்னே வைத்தால் அது தாழ்த்துவது முழக்கத்துக்குள் நுழையும் குரலை. ஏற்கெனவே எழுந்து நிற்கும் முழக்கம் அப்படியே இருக்கும். ஏவும் ஒலி, முழக்கம் சேராத தூய குரலாகவே இருத்தல் வேண்டும். மேளமும் தந்தியும் கலந்த ஒலியால் ஏவினால் ஒவ்வோர் அடிக்கும் முழக்கம் துள்ளி விழும்.

அளவிலும் அடக்கம் தேவை. 3 முதல் 6 டெசிபல் வரை தாழ்த்தினால் பெரும்பாலும் போதும். 300 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் கருவி இயங்குமாறு எல்லை வகுத்தால் முழக்கத்தின் மேற்பளபளப்பு கெடாது. தாழ்வது விரைவாகவும், மீள்வது 150 முதல் 300 மில்லி வினாடி போல் நிதானமாகவும் அமையலாம். விரைந்த பாட்டுக்குக் குறைவாகவும், மெல்லப் படிக்கும் பாட்டுக்கு மிகுதியாகவும் வைப்பது இயற்கை.

இக்கருவியை எல்லா நோய்க்கும் மருந்தென விற்பனை விளம்பரங்கள் கூறும். அஃது உண்மையன்று. குரலில் ஆற்றல் உள்ள பட்டையில்தான் அது இயங்கும். 'ச' என்னும் உரசொலியின் ஆற்றல் மிக உயரே இருக்கும். அதனை மறைக்கும் 'ஆ'வின் முழக்கமோ கீழே நிற்கும். அந்நொடியில் கீழ்ப்பட்டைகளைத் தாழ்த்துமாறு ஏவுவதற்குக் குரலில் எதுவும் இல்லை. தாழ்ந்த ஒலி மேலுள்ளதை மறைக்கும் என வெகலும் லேனும் அளந்த உண்மை இங்கே கருவியை முந்திக்கொள்கிறது. மீளும் நேரத்தைச் சற்று நீட்டி வைத்தால் முன் உயிரால் தாழ்ந்த பட்டைகள் மெய் வரும்வரை தாழ்ந்தே நிற்கும்; இக்குறை ஓரளவு தீரும். சொற்கள் நெருங்கி வரும் பாட்டில் முழக்கம் முழுவதையும் 2 டெசிபல் தாழ்த்தும் பழைய முறையே மேல்.

இதற்கு நேர்மாறான முறையும் ஒன்று உண்டு. 1977இல் பெர்லின் நகரின் ஹான்சா கூடத்தில் டேவிட் போவி 'ஹீரோஸ்' என்னும் பாட்டைப் பாடியபோது, டோனி விஸ்கான்டி மூன்று ஒலிவாங்கிகளை வைத்தார்: ஒன்று வாயருகே, மற்றொன்று ஏறத்தாழ 6 மீட்டரில், மூன்றாவது 15 மீட்டரில். தொலைவில் உள்ளவை குரல் உரத்து எழும்போது மட்டுமே திறந்தன. அங்கே மண்டபம் குரலுக்கு ஒதுங்கவில்லை. குரலோடு சேர்ந்து எழுந்தது. கதறும் குரலுக்கு அதுவே பொருந்திற்று. மென்மையாகச் சொல் உணர்த்தும் பாட்டில் அதனைச் செய்தால் பாட்டே கெடும்.

எவ்வளவு தாழ்த்தினால் போதும் என்பதை ஒலிப்பதிவாளரின் காது மட்டும் முடிவு செய்ய இயலாது. அவர் பாட்டை நூறு முறை கேட்டவர். சொற்கள் அவருக்கு மனப்பாடம். செவியில் விழாத எழுத்தையும் அவர் மனம் நிரப்பிக்கொள்ளும். பாட்டை முன்பு கேட்டிராத ஒருவரை அமர்த்தி, தாளும் எழுதுகோலும் தந்து, பள்ளியில் சொல்வதெழுதுதல் நடத்துவது போலவே பாட்டை ஒரு முறை ஓடவிட்டு எழுதச் சொல்லலாம். எழுதியதைப் பாடலாசிரியரின் படியோடு ஒப்பிட்டால், எவ்விடத்தில் ழகரம் லகரமாயிற்று, எவ்விடத்தில் ஈற்றுக் குற்றியலுகரம் காணாமற் போயிற்று என்பது வரிவரியாகத் தெரிந்துவிடும். கருவியின் திருகை அவ்வரிகளுக்கு மட்டும் திருத்தி, மற்றொருவரை அழைத்து மீண்டும் எழுதச் செய்யலாம்.