நுண்ணலை அடுப்பில் பால் புட்டிங்

பால், சர்க்கரை, மக்காச்சோள மாவு ஆகிய மூன்றும் வீட்டில் இருந்தால், தீயின்றிப் புகையின்றி ஒரு கிண்ணம் புட்டிங்கை நுண்ணலை அடுப்பில் செய்துவிடலாம். அடுப்பில் செலவாகும் நேரம் மூன்று நிமிடமே. ஆயினும் முதன்முறை செய்வோர் பலருக்கு இது வாய்ப்பதில்லை. பால் பொங்கி அடுப்பினுள் வழிகிறது. அல்லது மேலே நீராகவும் அடியில் கட்டியாகவும் பிரிந்து நிற்கிறது. இது அடுப்பின் குறையன்று. கிண்ணத்திற்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்துகொண்டால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

புட்டிங் போன்ற பாலினிப்புகளை மேலைநாட்டார் முன்னர் முட்டை சேர்த்தே கெட்டியாக்கினர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மருந்துக்கடை நடத்திய ஆல்பிரட் பேர்டு என்பவரின் மனைவிக்கு முட்டை ஒவ்வாது. அவருக்காகவே 1837ஆம் ஆண்டில் முட்டைக்கு மாற்றாக மக்காச்சோள மாவைக் கொண்டு கஸ்டர்டு செய்யும் முறையை அவர் கண்டறிந்தார். இன்று முட்டை உண்ணாத வீடுகளிலும் கஸ்டர்டு தூள் இடம்பெற்றிருப்பதற்கு அதுவே தொடக்கம்.

மாவு வாங்கும்போது சற்றுக் கவனம் வேண்டும். வட இந்தியக் கடைகளில் ‘மக்கீ ஆட்டா’ என்று கேட்டால் ரொட்டி சுடுவதற்குரிய மஞ்சள் மாவு கிடைக்கும். தமிழ்நாட்டில் ‘சோள மாவு’ என்று கேட்டாலும் குழப்பமே. சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு. புட்டிங்கிற்கு உரியது, ‘கார்ன்ஃபிளார்’ என்று விற்கப்படும் வெண்ணிற மாவு. அது மக்காச்சோளத்திலிருந்து தனியே பிரித்தெடுக்கப்பட்ட மாவுச்சத்து.

மாவுச்சத்து கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளால் ஆனது. குளிர்ந்த பாலில் இம்மணிகள் கரைவதில்லை. சிறிது நேரம் மிதந்து பின் அடியில் படியும். வெப்பம் ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரி செல்சியஸை எட்டும்போது அவை நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். கொதிநிலையை நெருங்குகையில் பால் முழுவதும் கெட்டியாகும். உலர்ந்த மாவைச் சுடுபாலில் கொட்டினாலோ, அதன் வெளிப்புறம் உடனே பசையாகி, உள்ளே நீர் புகாமல் தடுத்துவிடும். இதனையே ‘கட்டி தட்டிவிட்டது’ என்பர். கேழ்வரகுக் கூழ் காய்ச்சும் பாட்டிமார்கள் மாவை முதலில் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, பின்னரே கொதிக்கும் உலையில் ஊற்றி, கை ஓயாமல் துழாவுவார்கள். கூழுக்கும் புட்டிங்கிற்கும் அடிப்படை ஒன்றே.

துழாவுதல் நுண்ணலை அடுப்பில் இன்னும் இன்றியமையாதது. 1945ஆம் ஆண்டில் பெர்சி ஸ்பென்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ரேடாருக்குரிய மேக்னட்ரான் கருவியின் அருகில் நின்றபோது தம் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கண்டார். அதன் விளைவாகப் பிறந்ததே இவ்வடுப்பு. நுண்ணலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. ஆனால் அவை உணவுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம் செல்வதற்குள் வலுவிழந்துவிடும். எனவே கிண்ணத்தின் ஓரத்தில் பால் கொதிக்கும்போதும் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும். துழாவாமல் விட்டால் ஓரம் பொங்கும். அடியில் படிந்த மாவு கட்டியாகும்.

கால் லிட்டர் பால் கொண்டு செய்வதாயின், ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணம் தேவை. பால் பொங்குவதற்கு அவ்வளவு இடம் வேண்டும். அதில் இரண்டு மேசைக்கரண்டி மாவையும் அதே அளவு சர்க்கரையையும் இட்டு, குளிர்ந்த பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியின்றிக் கரைக்க வேண்டும். முழு ஆற்றலில் ஒரு நிமிடம் வைத்து, வெளியே எடுத்து, அடிவரை நன்கு துழாவ வேண்டும். அதன்பின் அரை நிமிடத்திற்கு ஒருமுறை எடுத்துத் துழாவி மீண்டும் வைக்கலாம். 800 வாட் அடுப்பில் மொத்தம் மூன்று நிமிட அளவில் கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வந்துவிடும். இறுதியில் ஏலக்காய்ப் பொடி தூவலாம்.

தமிழர் வீடுகளில் கைக்கு முதலில் எட்டுவது எவர்சில்வர் பாத்திரம். அதனை இவ்வடுப்பில் வைத்தலாகாது; உலோகம் நுண்ணலைகளைத் திருப்பி அனுப்பிவிடும், தீப்பொறியும் பறக்கக்கூடும். துழாவிய கரண்டியை உள்ளேயே விட்டுவிடுவதும் அதே தவறு. தீ கண்ணுக்குத் தெரியாததால் சூடும் இராது என்று சிறுவர்கள் எண்ணிவிடுகின்றனர். கொதிக்கும் பாலின் சூடு கிண்ணத்திலும் ஏறியிருக்கும்; மூடியைத் திறந்தால் நீராவி முகத்தில் அடிக்கும். தடித்த துணியால் பிடித்து எடுப்பதும், பெரியவர் ஒருவர் உடனிருப்பதும் கட்டாயம்.

ஆறும்போது மேலே ஏடு படியும். அதனை விரும்பாதவர்கள் ஆறும்வரை அவ்வப்போது கிளறிவிடலாம். அச்சில் வார்த்தாற்போல் கெட்டியாக வேண்டுமானால், ஆறியபின் குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். இளஞ்சூட்டில் உண்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை.